கீழே போனால் வலிக்காது

மிதவைத் தளம்
பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? பாப்பா பள்ளிக்கூட வாசலில் அழுவதை நிறுத்திவிட்டாளா?

படகில் ஏறும்போதே எல்லோருடைய போனையும் வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். முன்பு யாரோ செத்த மீன்களைப் படம் பிடித்து உலகத்துக்கே அனுப்பிவிட்டானாம். அதனால் இனி கடிதம்தான். தீவனம் கொண்டுவரும் படகு திரும்பும்போது எடுத்துப் போகும். உறையை ஒட்டாமல் கொடுக்க வேண்டும். சூப்பர்வைசர் படித்துவிட்டு அவரே ஒட்டுவார். அவருக்கும் சேர்த்து இங்கேயே ஒரு வணக்கம் வைத்துவிடுகிறேன்.

கரை கண்ணுக்குத் தெரியாது. சுற்றிலும் வட்ட வட்டமாகக் கூண்டுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் நம் தெருவையே இறக்கி மூடலாம். வலை கீழே போய்க்கொண்டே இருக்கும், செத்த மீன் அதன் அடியில் போய்ப் படியும். காலையில் ஒரு தடவை இறங்கி, படிந்ததை எல்லாம் பையில் அள்ளிக்கொண்டு நிதானமாக ஏறி வர வேண்டும். மேலே கம்ப்ரஸர் ஓடும், அதிலிருந்து வரும் குழாயை வாயில் கடித்துக்கொண்டு மூச்சு விடுவோம். யாராவது கேட்டால், மீனுக்குப் பிணம் தூக்குகிறான் என் தம்பி என்று சொல்.

என் ஜோடிக்குப் பெயர் மொட்டை. தோள் வரை முடி. ஏன் மொட்டை என்று கேட்டால், "உன் பேருலகூடத்தான் அறிவு இருக்கு, நீ மட்டும் என்ன பெரிய அறிவாளியா, உன்னையும் பேர் சொல்லித்தானே கூப்பிடறோம்" என்கிறான். நான் கீழே இருக்கும்போது மேலிருந்து குழாயைப் பிடிப்பது அவன். அவன் இறங்கினால் நான். நல்லவன், குறட்டைதான் தாங்க முடியவில்லை.

கூண்டுகளுக்கு அடியில் கேமரா வைக்கப் போகிறார்களாம். இந்தக் கடலிலேயே முதல் தடவையாம்.

அம்மாவை மாடிப்படி ஏற விடாதே.

தம்பி

*

வீடு
பிப்ரவரி 24

தம்பிக்கு,

அக்கா. எல்லோரும் இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் மழை வந்தால் சொல்லும், வராவிட்டாலும் சொல்லும். பாப்பா அழுவதை நிறுத்திவிட்டாள். இப்போது டீச்சர் அழுகிறாளாம்.

கடிதத்தில் சூப்பர்வைசரைக் கிண்டல் செய்யாதே. உனக்கு வாய் நீளம், சின்ன வயதிலேயே சொல்லியாயிற்று. அவர் படிக்கிறார் என்று தெரிந்தும் எழுதுகிறாய். ஒரே கம்பெனியில் நீ கடலில், நான் பேக்கிங் கூடத்தில். அங்கே நீ தும்மினால் இங்கே எனக்குச் சளி பிடிக்கும்.

எங்கள் கூடத்திலும் புதுமைதான். மீனின் வயிற்றைக் கீறி, கழுவி, வெட்டி அடுக்குகிற இயந்திரம் வந்திருக்கிறது. மேனேஜர் மாலை போட்டு ஓடவிட்டார், எங்களைக் கைதட்டச் சொன்னார், தட்டினோம். மறுநாள் எங்கள் வரிசையில் பாதிப் பேரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கை தட்டிய கைகளைத்தான் அனுப்பினார்கள். நான் மிச்சம் இருக்கிறேன். ஐஸ் தண்ணீரிலேயே நின்று விரல் மரத்துப்போய்விட்டது, வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதுதான் விரல் இருப்பது தெரிகிறது.

உன் மாமாவிடமிருந்து தகவல் எதுவும் இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. பாப்பா, "அப்பாவும் மீன் கூண்டுல இருக்காரா" என்று கேட்டாள். கூண்டில் போட வேண்டிய ஆள்தான் என்று சொல்லிவிட்டேன்.

ஜாக்கிரதையாக இரு.

அக்கா

*

மிதவைத் தளம்
மார்ச் 30

அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். பதில் எழுதத் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது.

கேமரா வந்துவிட்டது. தளத்தின் மேலே குளிரூட்டிய ஒரு அறை, சுவர் முழுக்கத் திரை, ஒரு சுழல் நாற்காலி. அதில் உட்கார்ந்திருப்பவர் எல்லாக் கூண்டின் அடியையும் ஒரே நேரத்தில் பார்ப்பார். ஒரு மீன் செத்து விழுந்தாலும் தெரிந்துவிடும். உடனே அந்தக் கூண்டுக்கான பொத்தானை அழுத்துவார், கூண்டின் மேல் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் நாங்கள் இறங்க வேண்டும். செத்ததை உடனுக்குடன் எடுத்துவிட்டால் மற்ற மீனுக்கு நோய் தொற்றாது. உண்மைதான், மீன் சாவது குறைந்திருக்கிறது. கம்பெனிக்கு ஏதோ விருதுகூடக் கொடுத்தார்களாம்.

முன்பு காலையில் ஒரு தடவை. இப்போது இறங்குகிறோம், ஏறுகிறோம், தலையைத் துவட்டுவதற்குள் விளக்கு எரிகிறது, இறங்குகிறோம். மேல் தண்ணீர் சூடாகிவிட்டது என்று வலையையும் இன்னும் ஆழத்துக்கு இறக்கிவிட்டார்கள். மெதுவாக ஏறினால் கூண்டு ஓரத்தில் நின்று சூப்பர்வைசர் விசில் ஊதுகிறார். நல்ல விசில்.

தோள்பட்டையில் கொஞ்சம் வலி. பெரிதாக ஒன்றுமில்லை. அதற்கு மொட்டை ஒரு வைத்தியம் சொல்லிக்கொடுத்தான்: வலித்தால் இறங்கிவிடு. ஆச்சரியம் அக்கா, பாதி ஆழம் போனதுமே வலி துடைத்துவிட்ட மாதிரி போய்விடுகிறது. இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். மேலே வந்தால்தான் மறுபடி வலிக்கிறது. அதனால் யாருடைய முறை என்று எங்களுக்குள் சண்டையே கிடையாது. வலிக்கிறவன் முதலில் இறங்குவான்.

ஒரு நல்ல சேதி. மீன் அறுவடை முடிந்ததும் அந்தக் கேமரா நாற்காலிக்கு என்னைப் போடுவதாக சூப்பர்வைசர் வாக்குக் கொடுத்திருக்கிறார். படித்தவனாம் நான். அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெரிய மீனை நெஞ்சோடு அணைத்து நிற்கச் சொல்லி என்னைப் படம் எடுத்தார்கள். எதற்கென்று தெரியவில்லை. மொட்டைக்குப் பொறாமை.

தம்பி

*

வீடு
ஏப்ரல் 12

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் அப்படித்தான் என்று நம்புகிறேன்.

படம் எதற்கு என்று எனக்குத் தெரியும். பேக்கிங் கூட வாசலில், லாரி திரும்புகிற இடத்தில், பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். நீதான். உன் பல்லே என் உயரம் இருக்கிறது. மீனைக் கைக்குழந்தை மாதிரி பிடித்திருக்கிறாய். கீழே "வளர்ச்சியின் முகம்" என்று எழுத்து. பாப்பா தினமும் அந்த வழியாகப் போக வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். "என் மாமாதான் வளர்ச்சி" என்று வகுப்பில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அம்மா போய்ப் பார்த்தாள். "இளைச்சுட்டான்" என்றாள். அவ்வளவு பெரிய பலகையைப் பார்த்துவிட்டு இளைத்துவிட்டான் என்று சொல்ல அம்மாவால்தான் முடியும்.

படகில் தைலம் அனுப்பியிருக்கிறேன். தோளில் நன்றாகத் தேய்த்துவிட்டுப் படு. கோணலாகப் படுத்திருப்பாய். வேலை செய்தால் வலி போகிறது என்றால் நல்லதுதானே, உட்கார்ந்தால் வருகிற வலி இதுவென்று அம்மாவும் சொல்கிறாள். அந்த நாற்காலி கிடைக்கும் வரை முகம் சுளிக்காமல் இரு. விசில் ஊதினால் ஊதட்டும், உன் காதில் தண்ணீர்தானே.

நாற்காலியில் உட்கார்ந்ததும் எழுது. அம்மா அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்குவாளாம்.

அக்கா

*

மிதவைத் தளம்
மே 31

அன்புள்ள சகோதரிக்கு,

நலம். தைலம் கிடைத்தது. கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். வலைக் கம்பி கிழித்து விரலில் கட்டுப் போட்டிருக்கிறது, அதனால் இங்கே சமைக்கிற அண்ணன் எழுதித் தருகிறார். தோள்வலி இல்லை. வேலை நன்றாகப் போகிறது. கூண்டுகளை இரண்டு மடங்காக்கப் போகிறார்கள். அறுவடை நெருங்கிவிட்டது. அம்மாவிடம் நான் சிரித்துக்கொண்டே சொன்னதாகச் சொல்.

இப்படிக்கு,
தம்பி

*

வீடு
ஜூன் 7

தம்பிக்கு,

நலமா என்று கேட்கிறேன். இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

நீ என்னை என்றைக்கடா சகோதரி என்று கூப்பிட்டிருக்கிறாய்? எந்த விரலைக் கம்பி கிழித்தது? எழுதுகிற கையா? ஒரு விரல் என்றால் மற்ற விரலால் கிறுக்கியாவது இருப்பாயே.

எங்கள் வரிசையில் ஒருத்தி இருக்கிறாள். அவள் புருஷன் வேறு கம்பெனியில் உன்னைப் போலக் கடலுக்குள் இறங்குகிற டைவராக இருந்தவன். நீ எழுதியதை, வலித்தால் இறங்குவது, அது போவது, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தாரு. இப்ப காலை இழுத்துக்கிட்டு நடக்கறாரு. உடனே வரச் சொல்லுக்கா" என்றாள்.

மேனேஜரிடம் போனேன். என் தம்பியைக் கரைக்கு அழைத்து வந்து டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றேன். அவர் ஜன்னல் வழியாக உன் பலகையைக் காட்டினார். "எப்படி இருக்கான் பாரும்மா, சிங்கம் மாதிரி" என்றார். அது மார்ச் மாதத்துப் படம் சார் என்றேன். அறுவடை முடியட்டும் என்றார்.

நான் தவறாகச் சொல்லிவிட்டேன். தைலம் வேண்டாம், நாற்காலி வேண்டாம். இறங்காதே. வலித்தாலும் மேலேயே இரு. அடுத்த படகில் வா.

இதை சூப்பர்வைசர் படிப்பார். ஐயா, நீங்களும் ஒரு அக்காவுக்குத் தம்பியாக இருப்பீர்கள். இதைத் தயவுசெய்து அவனிடம் கொடுங்கள்.

அக்கா

*

வீடு
ஜூன் 29

தம்பிக்கு,

தீவனப் படகு வந்துபோய்க்கொண்டிருக்கிறது. கடிதம் இல்லை. ஒவ்வொரு தடவையும் படித்துறைக்குப் போய்விட்டு வருகிறேன். படகுக்காரன் என்னைப் பார்த்ததும் கயிற்றைக் குனிந்து கட்ட ஆரம்பிக்கிறான். அவ்வளவு நேரம் கட்டுகிற முடிச்சு கிடையாது.

அம்மாவிடம் நானே ஒரு கடிதம் எழுதி, நீ எழுதியதாகப் படித்துக் காட்டினேன். அதில் நீ நன்றாக இருக்கிறாய்.

அக்கா

*

மிதவைத் தளம்
ஜூலை 9

அக்கா,

நான் சொல்லச் சொல்ல சமையல் அண்ணன் எழுதுகிறார். வலது கை மே மாதத்திலிருந்தே சரியாக மடங்குவதில்லை, கம்பி கிழித்தது என்றது சூப்பர்வைசருக்காகச் சொன்ன பொய். இதை அவர் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவருவார், யாரும் படிக்க மாட்டார்கள். அதனால் நலமா என்பதெல்லாம் இல்லை. உன் ஜூன் மாதக் கடிதங்கள் எனக்கு நேற்றுத்தான் கிடைத்தன.

அறுவடைக்கு முந்தின வாரம் விளக்கு அணையவே இல்லை. கடைசியாக ஏறி வந்து ஏணியில் கால் வைத்தேன். கால் இல்லை. குனிந்து பார்த்தால் இருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. மொட்டை என்னைத் தோளில் அள்ளிப் பலகையில் போட்டான். இடுப்புக்குக் கீழே யாருடைய உடம்போ மாதிரி கிடந்தது. எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதானே. "டேய், என்னைக் கீழ இறக்குடா" என்றேன். இறக்கினான்.

பாதி வழியிலேயே காலில் உயிர் வந்தது. வலையின் அடியில் நின்றேன் அக்கா. நடந்தேன். மீன் எல்லாம் என்னைச் சுற்றி வந்தது. சரியாகிவிட்டது என்று சிரித்தேன், குழாய் வாயிலிருந்து நழுவப் பார்த்தது. மேலே வந்தேன், மறுபடி விழுந்தேன். மறுபடி இறக்கச் சொன்னேன். கீழே நின்றேன். இப்படியே இரண்டு மூன்று தடவை. கீழே ஆள், மேலே மூட்டை.

அப்புறம் சூப்பர்வைசர் வந்து கம்ப்ரஸரை அறுவடைப் பக்கம் எடுத்துப் போக வேண்டும் என்றார். என்னை மேலே ஏற்றிவிட்டார்கள். மொட்டை அவர் காலில் விழுந்து படகு கேட்டான். படகில் மீனுக்குத்தான் இடம் இருக்கிறது, ஐஸ் கரைந்தால் யார் பதில் சொல்வது என்றார். அவரைத் திட்டியும் பிரயோஜனம் இல்லை. அவருக்கும் மேலே ஒருவன் விசில் வைத்திருக்கிறான்.

தீவன மூட்டைகளுக்கு நடுவில் படுத்திருக்கிறேன். மொட்டைதான் சிறுநீர் எடுத்துப் போடுகிறான். முகம் சுளிப்பதில்லை. "நீ செத்த மீனைவிட நல்ல வாசனைடா" என்கிறான். மீன் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு என்னை அனுப்புவார்களாம்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வாயோ, எனக்குத் தெரியவில்லை.

தம்பி

*

மிதவைத் தளம்
செப்டம்பர் 16

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான் நலம். சாப்பிட்டாயா? முதுகில் புண் வராமல் அம்மா திருப்பிப் படுக்க வைக்கிறாளா? பாப்பா உன்னைத் தொந்தரவு செய்கிறாளா?

நீ தூங்கிக்கொண்டிருந்தபோதுதான் கிளம்பினேன். எழுப்பியிருந்தால் போக விட்டிருக்க மாட்டாய்.

மேனேஜர் நம் வீட்டுக்கு வந்தபோது நீ உள் அறையில் இருந்தாய். கதவு மூடியிருந்தது, ஆனாலும் கேட்டிருப்பாய். "வேலை முடிஞ்சதுக்கப்புறம் அவரா இறங்கச் சொல்லி இறங்கியிருக்காரும்மா. எல்லாம் கேமராவுல இருக்கு. கம்பெனி எப்படிப் பொறுப்பேத்துக்கும்? ஆனாலும் பாவம் பார்த்து, வீட்டுல ஒருத்தருக்கு வேலை தரோம்" என்றார். அம்மா கும்பிட்டாள். அம்மாவைத் திட்டாதே. என்னையும் திட்டாதே. பேக்கிங் கூடத்தில் இரண்டாவது இயந்திரம் வந்த அன்றே என்னையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், உன்னிடம்தான் சொல்லவில்லை. உன் மருந்து நிற்கக் கூடாது.

எந்த வேலை என்று படகில் ஏறிய பிறகுதான் சொன்னார்கள். உனக்குத் தருவதாகச் சொன்ன நாற்காலி. நன்றாகச் சுழல்கிறது. அறை குளிர்கிறது, ஆனால் ஐஸ் தண்ணீர் இல்லை, விரல் எல்லாம் இருக்கிறது.

மொட்டை தினமும் உன்னைக் கேட்கிறான்.

அக்கா

*

வீடு
அக்டோபர் 11

அக்காவுக்கு,

இடது கையால் எழுதியிருக்கிறேன், கோழி கிண்டிய மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். இதைச் சமையல் அண்ணனிடம்தான் கொடுத்தனுப்புகிறேன், சூப்பர்வைசர் படிக்க மாட்டார். அம்மா இருக்கிறாள். பாப்பா இருக்கிறாள். நானும் இருக்கிறேன்.

நகரத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். டாக்டர் கோபக்காரர். ஆழத்தில் மூச்சு விடும்போது காற்று ரத்தத்தில் கரைகிறதாம். அவசரமாக ஏறினால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி நுரைக்கிறதாம். அந்த நுரைதான் வலி. கீழே போனால் நுரை அமுங்கும், அதனால் வலி போகும். போய்விட்டது என்று நினைத்து வேலை செய்துவிட்டு மறுபடி அவசரமாக ஏறினால் இன்னும் அதிகமாக நுரைக்கும். நாங்கள் வைத்தியம் என்று செய்ததெல்லாம் வியாதியைத்தான் வளர்த்திருக்கிறது. "இத்தனை தடவை ஏறி இறங்க உங்களை யாருய்யா விட்டது?" என்று கத்தினார். விளக்கு என்றேன். அவருக்குப் புரியவில்லை. உடனே கொண்டுவந்திருந்தால் காற்றை அழுத்தி அடைக்கிற ஒரு இரும்பு அறையில் படுக்கவைத்துச் சரிசெய்திருக்கலாமாம். இப்போது ஒன்றும் செய்வதற்கில்லையாம்.

இதை எல்லாம் மொட்டையிடம் சொல். அவனுக்கும் முழங்கை வலிக்கிறது, எனக்குத் தெரியும். நீ அந்த நாற்காலியில் இருக்கிறாய் அக்கா. விளக்கு உன் விரலில்தான் இருக்கிறது. எல்லா மீனுக்கும் அழுத்தாதே. காலையில் ஒரு தடவை போதும். பார்க்காத மாதிரி இரு. ஒரு மீன் கிடந்தால் கிடக்கட்டும்.

பாப்பா என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பலகையைப் பார்க்கத் தள்ளிக்கொண்டு போனாள். நிழலில் லாரி டிரைவர்கள் படுத்திருந்தார்கள். ஒருவன் என்னைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், எழுந்து எனக்கு இடம் விட்டான்.

தம்பி

*

மிதவைத் தளம்
நவம்பர் 4

தம்பிக்கு,

நீ எழுதியது எல்லாம் படிக்க முடிந்தது. பாப்பாவின் கையெழுத்தைவிட நன்றாக இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் பட்டை அனுப்புகிறேன். இதை சமையல் அண்ணன் கையில் கொடுக்கிறேன், நீ மட்டும் படி.

நீ சொன்னபடி செய்து பார்த்தேன். ஐந்தாம் கூண்டில் மீன் விழுந்தது, பார்க்காத மாதிரி இருந்தேன். கொஞ்ச நேரத்தில் விளக்கு தானாகவே எரிந்தது. நான் அழுத்தாவிட்டால் இயந்திரமே கண்டுபிடித்து எரிய வைக்குமாம். நான் தூங்கிவிட்டேனா என்று சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். "இன்னொரு தடவை இப்படின்னா ஆளே வேண்டாம்னு சொல்லிடுவாங்கம்மா. உங்களுக்காகத்தான் இந்த நாற்காலியே இன்னும் இருக்கு" என்றார். அதட்டவில்லை. அவரும் பயந்துபோய்த்தான் சொன்னார்.

மொட்டையைச் சாப்பிடுகிற இடத்தில் பிடித்து உட்காரவைத்தேன். டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன், சோடா பாட்டில் உட்பட. சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டான். எல்லாம் புரிந்தது. டம்ளரைத் தூக்கும்போது மறு கையால் முழங்கையைத் தாங்கிக்கொள்கிறான். தலைமுடியைக்கூட இப்போது கட்டுவதில்லை, கை மேலே போகாது.

"மெதுவா ஏறுடா, விசிலுக்குப் பயப்படாத" என்றேன்.

"மெதுவா ஏறினா ஆளை மாத்திடுவாங்கக்கா. ஏறாமலே இருந்துடலாம்னுகூடத் தோணுது" என்றான். பிறகு உன்னைப் போலவே சிரித்தான். "மேல இருந்தா உயிர் போகுது, கீழ போனா வலிக்கல. நீயே சொல்லு, நான் எங்க இருக்கணும்?"

உனக்குப் பதில் தெரிந்தால் எழுது.

இதை அந்த நாற்காலியில் இருந்துதான் எழுதுகிறேன். திரையில் மூன்றாம் கூண்டின் அடி தெரிகிறது. பெரிய மீன் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து மெதுவாக இறங்கி வந்து, வலையில் படிந்துவிட்டது. இன்னும் அழுத்தவில்லை. பக்கத்துத் திரையில் தளத்தின் மேல்பக்கம் தெரிகிறது. மொட்டை ஏணியின் முதல் படியில் குழாயைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வலது கையை மடியில் குழந்தை மாதிரி வைத்திருக்கிறான். தலையைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு கூண்டின் விளக்கையும் பார்க்கிறான். பிறகு என் ஜன்னலைப் பார்க்கிறான். எப்போது எரியும் என்று கேட்கிற மாதிரி.

உடம்பைப் பார்த்துக்கொள். பாப்பாவுக்கு நான் முத்தம் கொடுத்ததாகச் சொல். அவன் இன்னும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அழுத்திவிட்டேன்.

அக்கா